கல்லூரி மாணவர்களின் தூக்கத் தரத்தை இணையவழிப் படிவத்தால் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களின் தூக்கத்தைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும், முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இந்தப் பக்கம். படிவத்தை உருவாக்கி இணைப்பை அனுப்புவது அரை மணி நேர வேலைதான். ஆனால் வந்து சேரும் எண்கள் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அனுப்புவதற்கு முன்பே பல முடிவுகளை எடுத்திருக்க வேண்டும்.

தூக்கத் தரம் என்று எதைச் சொல்கிறோம்?

எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. படுத்தபின் தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது, இடையில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, படுக்கையில் கழித்த நேரத்தில் எவ்வளவு உண்மையில் தூக்கம், மறுநாள் பகலில் எப்படி இருக்கிறார், தன் தூக்கத்தைத் தானே எப்படி மதிப்பிடுகிறார் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் தரம். 8 மணி நேரம் படுத்தும் களைப்போடு எழுபவர் உண்டு. 6 மணி நேரத்தில் தெளிவாக எழுபவரும் உண்டு. 18 முதல் 25 வயதினருக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் தந்த பரிந்துரை. அது கால அளவுக்கான பரிந்துரை. அதைத் தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படிவம் அளப்பது மாணவர் நினைவில் வைத்திருக்கும் தூக்கத்தை. மூளை அலைகளை அது அளப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஆய்வின் முதல் பக்கத்திலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படிவத்தைப் பயன்படுத்துவது?

கேள்வியைப் பொறுத்தது. ‘மாணவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்?’ என்ற பொதுக் கேள்விக்கு மிகவும் புழக்கத்தில் இருப்பது பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு. டேனியல் பைஸியும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்டது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள், 7 கூறுகள், மொத்தம் 0 முதல் 21 வரை. மதிப்பெண் கூடக் கூடத் தூக்கம் மோசம். அறைத் தோழரிடமோ உடன் உறங்குபவரிடமோ கேட்கும் 5 கேள்விகளும் மூலப் படிவத்தில் உண்டு. அவை மதிப்பெண்ணில் சேராது, இணையப் படிவத்தில் அவற்றை விட்டுவிடலாம்.

தூக்கமின்மையின் தீவிரம் மட்டும் தேவையென்றால் தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு போதும். அதில் 7 கேள்விகள், கடந்த இரண்டு வாரம், 0 முதல் 28 வரை. 15ம் அதற்கு மேலும் இருந்தால் மிதமான அல்லது கடுமையான தூக்கமின்மை. வகுப்பில் கண்ணயர்வதுதான் உங்கள் அக்கறை என்றால், மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். 8 சூழல்கள், 0 முதல் 24 வரை, 10க்கு மேல் போனால் பகல்நேரத் தூக்கம் மிகுதி.

மூன்றையும் ஒரே படிவத்தில் அடுக்கிவிடும் ஆசை வரும். வேண்டாம். அடிப்படை விவரங்களோடு சேர்த்து 10 நிமிடத்தைத் தாண்டினால் கைபேசியில் நிரப்புபவர் பாதியில் விட்டுவிடுவார், அல்லது கடைசிப் பக்கங்களில் ஒரே கட்டத்தைத் தட்டிக்கொண்டே போவார்.

அனுமதி வாங்க வேண்டுமா? நாங்களே தமிழில் மொழிபெயர்க்கலாமா?

இவை பதிப்புரிமை உள்ள கருவிகள். இணையத்தில் கிடைக்கும் நகலை எடுத்து ஒட்டுவதற்கு முன், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்கும்போதே, உங்கள் மொழியில் சரிபார்க்கப்பட்ட பதிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல்.

இல்லையென்றால் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, வேறுபாடுகளைத் தீர்க்க வேண்டும். பிறகு ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். தமிழில் வழக்கமாக இடறும் இடங்கள் நான்கு:

‘எத்தனை மணி தூங்குகிறீர்கள்?’ என்றால் சிலர் ‘11’ என்று எழுதுவார்கள். அவர்கள் சொல்வது 11 மணிக்கு. ‘எத்தனை மணி நேரம்’ என்று முழுதாக எழுதுங்கள்.

‘வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ’ என்பது ‘மூன்று முறைக்கு மேல்’ என்று சுருங்கிவிடும். அப்போது சரியாக மூன்று முறை விழிப்பவருக்குக் கட்டமே இல்லாமல் போகும்.

‘சோர்வு’ என்ற சொல் உடல் களைப்பையும் மனத் தளர்ச்சியையும் தூக்கக் கலக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். எப்வொர்த் கேட்பது கண்ணயர்வதை மட்டும். ‘சோர்வாக இருக்குமா?’ என்று மொழிபெயர்த்தால் மதிப்பெண் ஏறிவிடும்.

‘படுப்பது’, ‘தூங்குவது’ இரண்டும் பேச்சில் ஒன்றுதான். பிட்ஸ்பர்க் படிவத்திலோ படுக்கைக்குப் போகும் நேரம் வேறு, தூக்கம் வர ஆகும் நிமிடங்கள் வேறு. 11 மணிக்குக் கைபேசியோடு படுத்து, 1 மணிக்கு விளக்கை அணைப்பவர் எந்த நேரத்தை எழுதுவார்? இதற்காகவே 2012இல் வெளியான பொதுத் தூக்க நாட்குறிப்பு, படுக்கைக்குப் போன நேரத்தையும் தூங்க முயன்ற நேரத்தையும் பிரித்துக் கேட்கிறது. உங்கள் ஆய்வில் கைபேசிப் பழக்கம் முக்கியமென்றால், படிவத்தின் சொற்களை மாற்றாமல், அது முடிந்தபின் தனிக் கேள்வியாக ‘தூங்கலாம் என்று கண்ணை மூடும் நேரம்’ என்று கேளுங்கள்.

பிட்ஸ்பர்க் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது?

ஏழு கூறுகளும் ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை.

1. தன் மதிப்பீடு: மிக நன்று 0, மிக மோசம் 3.
2. தூக்கம் வர ஆகும் நேரம்: 15 நிமிடம் வரை 0, 16–30 என்றால் 1, 31–60 என்றால் 2, 60க்கு மேல் 3. இதோடு ‘30 நிமிடத்துக்குள் தூக்கம் வராதது எத்தனை முறை’ என்பதன் 0–3ஐக் (கடந்த மாதத்தில் இல்லை 0, வாரம் ஒரு முறைக்கும் குறைவு 1, ஒன்றிரண்டு முறை 2, மூன்று முறையோ மேலோ 3) கூட்டுங்கள். கூட்டுத்தொகை 0 என்றால் 0, 1–2க்கு 1, 3–4க்கு 2, 5–6க்கு 3.
3. கால அளவு: 7 மணி நேரத்துக்கு மேல் 0, 6–7 என்றால் 1, 5–6 என்றால் 2, 5க்குக் கீழ் 3.
4. தூக்கத் திறன்: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 85 விழுக்காடும் மேலும் 0. 75–84 என்றால் 1. 65–74 என்றால் 2. 65க்குக் கீழ் 3.
5. இடையூறுகள்: விழிப்பு, கழிவறைக்கு எழுவது, மூச்சுத் திணறல், இருமல் அல்லது குறட்டை, குளிர், வெப்பம், கெட்ட கனவு, வலி, பிற காரணம் என 9 உருப்படிகளின் கூட்டல். 0 என்றால் 0, 1–9க்கு 1, 10–18க்கு 2, 19–27க்கு 3.
6. தூக்க மருந்து: எத்தனை முறை என்பதன் 0–3.
7. பகல்நேரச் செயல்பாடு: விழித்திருப்பதில் சிரமம், வேலையில் உற்சாகம் குறைவது. இரண்டின் கூட்டலையும் 2ஆம் கூறில் செய்ததுபோலவே மாற்றவும்.

ஒரு மாணவர் இரவு 11.30க்குப் படுக்கிறார், தூக்கம் வர 40 நிமிடம், காலை 6.30க்கு எழுகிறார், தூங்கியது 5½ மணி நேரம். அரை மணிக்குள் தூக்கம் வராதது வாரம் மூன்று முறைக்குக் குறையாது. இடையூறுகளின் கூட்டல் 6. தூக்கம் ‘ஓரளவு மோசம்’ என்கிறார். மருந்து இல்லை. பகல் கேள்விகளின் கூட்டல் 3. படுக்கையில் 7 மணி நேரம், திறன் 78.6 விழுக்காடு. கூறுகள் வரிசையாக 2, 3, 2, 1, 1, 0, 2. மொத்தம் 11.

எல்லைகளில் கவனம் தேவை. சரியாக 7 மணி நேரம் என்று எழுதுபவர்கள் ஏராளம், அவருக்கு 0வா 1ஆ என்பதில் புழக்கத்தில் உள்ள கணக்குமுறைகள் ஒன்றுபோல இல்லை. 84.6 விழுக்காட்டை முழுமையாக்கி 85 என்று எடுப்பதா என்பதும் அப்படித்தான். தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு விதியை எழுதி வைத்து, அதை அறிக்கையிலும் சொல்லுங்கள். ‘பிற காரணம்’ காலியாக இருந்தால் 0 என்று கொள்ளலாம். மற்ற விடுபடல்கள் அப்படியல்ல; ஒரு கூறு கணக்கிட முடியாமல் போனால் மொத்தமும் இல்லை.

தூக்கத் திறன் 130 விழுக்காடு என்றெல்லாம் வருகிறதே, ஏன்?

இணையவழித் தூக்க ஆய்வுகளில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடம்தான்.

முதல் காரணம், 12 மணி நேரக் கடிகாரம். மேலே சொன்ன மாணவர் இரவு 11.30ஐத் தேர்ந்தெடுக்கும்போது முற்பகல் என்பதைத் தட்டிவிட்டால், படுக்கையில் இருந்த நேரம் 19 மணி நேரமாகிறது. திறன் 29 விழுக்காடு, கூறு 1லிருந்து 3க்குத் தாவும், மொத்தம் 13 ஆகும். அவருடைய தூக்கத்தில் எதுவும் மாறவில்லை. நள்ளிரவு 12.30க்குப் படுப்பவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 12 என்ற எண்ணுக்கு முற்பகலா பிற்பகலா என்று யோசிக்காதவர் யார்?

நேரம் உள்ளிடும் கட்டத்தைக் கைவிட்டு, அரை மணி இடைவெளியில் ஒரு கீழிறங்கு பட்டியல் கொடுங்கள். ‘இரவு 9.00’, ‘இரவு 9.30’ என்று தொடங்கி ‘நள்ளிரவு 12.00’, ‘நள்ளிரவு 12.30’, ‘பின்னிரவு 1.00’ என்று ‘அதிகாலை 5.00’ வரை. நாம் பேசும்போது நேரத்தை இப்படித்தான் சொல்கிறோம், அதனால் பிழை வெகுவாகக் குறையும். பகலில் தூங்குபவருக்காக ‘வேறு நேரம்’ என்ற கட்டம் ஒன்று இருக்கட்டும். இந்த மாற்றத்தையும் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது காரணம் கழித்தல். எழுந்த நேரம் 6.30, படுத்த நேரம் 23.30, கழித்தால் −17. விடை எதிர்மறையாக வந்தால் 24ஐக் கூட்ட வேண்டும், 7 கிடைக்கும். விரிதாளில் இந்த ஒரு வரியை மறந்தால் நள்ளிரவுக்கு முன் படுக்கும் எல்லோருடைய கணக்கும் பாழ்.

மூன்றாவது, எழுத்தாக வரும் பதில்கள். தூங்கிய நேரத்துக்கு ‘6-7’ என்று எழுதினால் சில விரிதாள்கள் அதைத் தேதியாக்கிவிடும். அந்தக் கட்டத்தில் எண் மட்டும், 1க்கும் 14க்கும் இடையே, அரை மணியை 0.5 என்று எழுதலாம் என்று விதி வையுங்கள். நிமிடக் கேள்வியில் ‘1’ என்று வந்தால் அது ஒரு நிமிடமா ஒரு மணி நேரமா என்று பின்னால் கண்டுபிடிக்க வழியில்லை. அலகைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 100ஐத் தாண்டும் பதில்கள் வரும். படுக்கையில் 6 மணி நேரம், தூங்கியது 7 என்று மனதாரச் சொல்பவர்கள் உண்டு. பகல் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். எத்தனை பேர், என்ன செய்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சத்தமில்லாமல் 100 ஆக்கிவிடக் கூடாது.

படிவத்தின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலோர் கைபேசியில்தான் நிரப்புவார்கள். 10 வரிசை, 4 நெடுவரிசை கொண்ட கட்டம் கணினியில் அழகு. கைபேசியில் கடைசி நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விடும். அதில்தான் ‘வாரம் மூன்று முறையோ மேலோ’ இருக்கும். அதனால் இடையூறுகள் குறைவாகப் பதிவாகும். ஒவ்வோர் உருப்படியையும் தனிக் கேள்வியாக, விடைகள் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள்.

எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்க வேண்டாம். கட்டாயம் பொய்யான பதிலைத்தான் பெற்றுத் தரும். ‘இதை விட்டுவிட்டீர்கள், தொடரலாமா?’ என்று கேட்கும் வசதி இருந்தால் அது போதும்.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

‘384 பேர்’ என்ற எண் எங்கும் சுற்றுகிறது. விகிதத்தை 50 விழுக்காடாகவும், பிழை வரம்பை ±5 ஆகவும், நம்பிக்கை அளவை 95 விழுக்காடாகவும் வைத்தால் வருவது அது. எளிய தற்செயல் தேர்வுக்கு மட்டுமே பொருந்தும். வகுப்பு வகுப்பாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே வகுப்பினர் ஒரே கால அட்டவணையில் வாழ்வதால் அவர்கள் தூக்கமும் ஒத்திருக்கும். வகுப்புக்கு 40 பேர், உள்தொடர்பு (ஒரே வகுப்பினரின் பதில்கள் ஒத்திருக்கும் அளவு) 0.02 என்று வைத்தால் வடிவமைப்பு விளைவு, அதாவது எண்ணிக்கையை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது, 1 + 39 × 0.02 = 1.78. தேவை 684 ஆகிறது. அதில் 60 விழுக்காட்டினர்தான் பதிலளிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் 1,140 பேருக்கு அனுப்ப வேண்டும்.

இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் போதாதா?

பதில்கள் வரும். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாததால் பதில் விகிதத்தைச் சொல்லவே முடியாது. பெயர்ப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புவதே நல்லது. ஒருவர் இருமுறை நிரப்புவதையும் அது தடுக்கும். பெயர் அறியாமல் வைக்க, இணைப்புக் குறியீட்டையும் பதிலையும் வெவ்வேறு கோப்பில் வையுங்கள்.

தலைப்பிலும் நேரத்திலும் கவனம் வேண்டும். ‘தூக்கமின்மை ஆய்வு’ என்று பெயரிட்டால் தூக்கம் வராதவர்கள்தான் முதலில் திறப்பார்கள். ‘மாணவர்களின் அன்றாடப் பழக்கங்கள்’ என்பது நடுநிலையான பெயர். இரவு 11 மணிக்கு அனுப்பினால் விழித்திருப்பவர்களே முதலில் நிரப்புவார்கள். பகலில் அனுப்புங்கள், 4ஆம் நாளும் 9ஆம் நாளும் நினைவூட்டுங்கள், இரண்டு வாரத்தில் மூடுங்கள்.

பிட்ஸ்பர்க் படிவம் பின்னோக்கி ஒரு மாதத்தைக் கேட்கிறது. தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டால் பாதித் தேர்வும் பாதி விடுமுறையும் கலந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். வகுப்புகள் தொடங்கி நான்கு வாரமாவது கழியட்டும்.

பொறுப்பில்லாமல் நிரப்பியவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிரப்ப எடுத்த நேரத்தைப் பதியுங்கள். பிட்ஸ்பர்க் படிவத்துக்கு வழக்கமாக 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்தில் முடித்தவர் படித்திருக்க வாய்ப்பில்லை. முரண்களையும் பாருங்கள்: தூக்கம் வர 5 நிமிடம் என்று எழுதிவிட்டு, அரை மணிக்குள் தூங்க முடியாதது வாரம் மூன்று முறை என்பது ஒன்று. கவனச் சோதனைக் கேள்வி (‘இங்கே இரண்டாவது விடையைத் தட்டுங்கள்’ போன்றது) ஒன்று போதும், அதையும் படிவத்தின் நடுவில் திணிக்காமல் இரண்டு படிவங்களுக்கு இடையே வையுங்கள்.

இணைய முகவரி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நீக்காதீர்கள். விடுதியில் நூறு பேர் ஒரே வைஃபையில் இருப்பார்கள். நீக்கும் விதிகளைத் தரவு வரும் முன்பே எழுதிவிடுங்கள்.

வார நாளும் விடுமுறை நாளும் வேறு வேறாகத் தூங்குகிறார்களே?

மாணவர்களிடம் இது பெரிய விஷயம், ‘பெரும்பாலான நாட்கள்’ என்று கேட்கும் பிட்ஸ்பர்க் படிவம் இதைத் தவறவிடுகிறது. மியூனிக் உடற்கடிகாரப் படிவம் இரண்டையும் பிரித்துக் கேட்கும். வகுப்பு நாளில் பின்னிரவு 1 முதல் காலை 7 வரை தூங்கினால் நடுப்புள்ளி 4 மணி. விடுமுறையில் 3 முதல் 11 வரை என்றால் நடுப்புள்ளி 7 மணி. இடைவெளி 3 மணி நேரம். இதைச் சமூகக் கால வேறுபாடு என்கிறார்கள். விடுமுறை நாளிலும் அலாரம் வைத்து எழுபவரிடம் உடற்கடிகார வகையை (இயல்பாகவே சீக்கிரம் தூங்குபவரா, தாமதமாகத் தூங்குபவரா என்பதை) கணக்கிடக் கூடாது. அலாரம் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மனச்சோர்வுப் படிவத்தையும் சேர்த்து, தொடர்பைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஓர் எச்சரிக்கையோடு. பிஎச்கியூ-9 மனச்சோர்வுப் படிவத்தின் 3ஆம் கேள்வியே தூக்கத்தைப் பற்றியது. ஒரே விஷயம் இரு பக்கமும் இருந்தால் தொடர்பு தானாகவே கூடும். அந்தக் கேள்வியை நீக்கியும் ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் தாருங்கள்.

இன்னொன்று, மதிப்பெண் கணக்கைவிட முக்கியமானது. அதன் 9ஆம் கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கிறது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் ‘ஆம்’ என்றால் அவரைத் தேடிப்போக முடியாது. அந்தப் பதிலைத் தட்டியவுடன் உதவி எண்ணும் ஆலோசகர் விவரமும் திரையில் வரும்படி அமைக்க முடியாவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அது இல்லாத 8 கேள்விப் பதிப்பு இருக்கிறது.

பிட்ஸ்பர்க் மதிப்பெண் 5க்கு மேல் என்றால் தூக்கமின்மை நோய் என்று எழுதலாமா?

கூடாது. 5க்கு மேல் என்றால் ‘தூக்கத் தரம் குறைவு’. மூல ஆய்வில் இந்த எல்லை நோயாளிகளையும் நலமானவர்களையும் 89.6 விழுக்காடு உணர்திறனோடும் (நோயாளிகளைச் சரியாகப் பிடிக்கும் விகிதம்) 86.5 விழுக்காடு தனித்தன்மையோடும் (நலமானவர்களைச் சரியாக விலக்கும் விகிதம்) பிரித்தது. அங்கே நோயாளிகள் மருத்துவரிடம் வந்தவர்கள். மாணவர் கூட்டத்தில் நிலைமை வேறு: 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,125 மாணவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களை ஒரே பக்கம் தள்ளும் கோடு மாணவர்களைப் பிரித்துக் காட்டப் பெரிதாக உதவாது. ஆகவே விகிதத்தோடு சராசரி, திட்டவிலக்கம், ஏழு கூறுகளின் பரவல் ஆகியவற்றையும் தாருங்கள். கால அளவுக் கூறில் 2ம் 3ம் குவிந்திருந்தால் அது கால அட்டவணைப் பிரச்சினையாக இருக்கலாம். தூக்கம் வரும் நேரத்தில் குவிந்திருந்தால் பேச வேண்டியதே வேறு.

ஒப்புதல், தனியுரிமை பற்றி என்ன செய்வது?

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். 18 வயது நிரம்பாத முதலாண்டு மாணவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமா என்று குழுவிடம் கேளுங்கள். பாடம் நடத்தும் ஆசிரியரே இணைப்பை அனுப்பினால் மறுக்கத் துணிய மாட்டார்கள், வேறொருவர் அனுப்பட்டும். தூக்க மருந்து எடுப்பவர் என்ற விவரத்தோடு துறை, ஆண்டு, பாலினம், விடுதி நான்கும் சேர்ந்தால் ஒருவரை அடையாளம் காட்டிவிடும். ஒரு கலத்தில் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அட்டவணையில் வெளியிடாதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாமா?

ஓரளவுக்கு. கைக்கடிகாரம் அசைவையும் பெரும்பாலும் இதயத் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பதைத் தூக்கம் என்று எண்ணும் போக்கு அதற்கு உண்டு. இரண்டும் ஒத்துப்போகாததால் மட்டும் படிவம் தவறென்று ஆகாது. வாய்ப்பிருந்தால் 30, 40 பேரிடம் வார இறுதியும் உள்ளடங்கிய 7 முதல் 14 நாட்களுக்குத் தூக்க நாட்குறிப்பு வாங்குங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பச் சொல்லி, நிரப்பிய நேரத்தையும் பதியுங்கள். ஏழு நாளையும் ஒரே மாலையில் எழுதி முடித்தவரை அதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

அறிக்கையில் எவற்றை விடக் கூடாது?

இணையவழி ஆய்வுகளுக்கென 2004இல் வந்த செரிஸ் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பியது, எத்தனை பேர் திறந்தது, எத்தனை பேர் முடித்தது, இருமுறை நிரப்புவதை எப்படித் தடுத்தது ஆகியவை அதில் உள்ளன. அதோடு, தரவு சேகரித்த தேதிகள், அவை கல்வியாண்டின் எந்தக் கட்டம், எந்த மொழிப் பதிப்பு, எல்லை எண்களுக்கு எந்த விதி, நீக்கிய பதில்கள் எத்தனை, ஏழு கூறுகளுக்குமான க்ரோன்பாக் ஆல்ஃபா (கூறுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) ஆகியவற்றையும் எழுதுங்கள். மூல ஆய்வில் ஆல்ஃபா 0.83. உங்களுடையது 0.6க்குக் கீழே வந்தால் மருந்துக் கூறை முதலில் பாருங்கள். மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அதில் 0 என்பதால் அது மற்றவற்றோடு சேர்ந்து அசையாது. ஒரே நேரத்தில் கேட்ட ஆய்வென்றால் ‘கைபேசியால் தூக்கம் கெடுகிறது’ என்று எழுதாமல் ‘தொடர்பு உள்ளது’ என்று எழுதுங்கள். தூக்கம் வராததால் கைபேசியை எடுத்தவரும் அதே எண்களில்தான் இருக்கிறார்.